கோசோ தீவில் ஒரு செப்டம்பர் எட்டு

திருமண நாளுக்கு எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், சின்னத் தீவாகப் பார்த்துப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். பெரிய ஊர்கள் நம்மை ஓட வைக்கும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு காலையில் கிளம்பி, இரவில் கால் வலியோடு திரும்பி, கூட வந்த மனிதரிடம் நாலு வார்த்தை பேசாமலே தூங்கிப்போவோம். சின்னத் தீவில் அப்படி ஓட வழியில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் சீக்கிரமே கடல் வந்துவிடும். அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வரும்.

எங்கள் 25-வது திருமண நாளுக்கு நாங்கள் போனது கோசோ. மத்திய தரைக்கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கிற மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு அது. பரப்பளவு 67 சதுர கிலோமீட்டர்தான். நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7 கிலோமீட்டர். ஐம்பது வயதை நெருங்கும் இரண்டு பேர் அவசரமில்லாமல் சுற்றிவரச் சரியான அளவு.

பிள்ளைகள் வேறு திட்டம் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளில் தம்பதிகளுக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. பூ வளைவு, கேக், புகைப்படக்காரர் எல்லாம் தயார் செய்து, கடலைப் பின்னணியில் வைத்து, திருமண உறுதிமொழியை மறுபடி சொல்ல வைப்பார்கள். பல விடுதிகள் இதை விற்கின்றன. "அம்மா, அழகா இருக்கும்மா, நாங்க காசு போட்டுத் தர்றோம்" என்று மகள் கெஞ்சினாள். இவர் உடனே மறுத்துவிட்டார். "கட்டின தாலி கழுத்துலதான இருக்கு, இன்னொரு தடவை எதுக்கு?" என்றார்.

எனக்கும் விருப்பமில்லை. ஆனால் என் காரணம் வேறு. கல்யாணத்தன்று நாங்கள் இருவரும் அநேகமாக முன்பின் தெரியாதவர்கள். பெண் பார்க்க வந்தபோது பேசிய பேச்சைத் தவிர வேறு பழக்கம் இல்லை. அன்று சொன்னதைத் திரும்பச் சொல்வதால் எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? அதற்குப் பிறகு நடந்ததுதான் வாழ்க்கை. பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் ஏற்கெனவே இருந்தது. கல்யாணமான முதல் வருடத்தில் இவருடைய அத்தை சொல்லிக்கொடுத்தது. "வருஷத்துக்கு ஒரு நாள் உக்காந்து கணக்குப் பாத்துக்குங்க, பாக்கி வெச்சா வட்டி ஏறிடும்" என்பார் அத்தை. அவர் சொன்ன விதிகள் இரண்டே. ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதற்குப் பதிலை மறுநாள் காலையில்தான் சொல்ல வேண்டும். அந்த வருடத்தில் வலித்தது, நன்றாக இருந்தது, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது, எதை வேண்டுமானாலும் பேசலாம்.

இந்த இரண்டாவது விதியின் அருமை எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. உடனே பதில் சொல்ல முடியாது என்றால், பதிலைத் தயார் செய்துகொண்டே கேட்கும் பழக்கம் நின்றுவிடுகிறது. காதில் விழுவதை அப்படியே வாங்கிக்கொண்டு தூங்கப் போக வேண்டும். இரவு ஒரு தரம் புரண்டு படுத்தால், சொல்ல நினைத்த கோபமான பதில்களில் பாதி தேவையில்லாமல் போய்விடும். ஆனால் பிள்ளைகள் பிறந்த பிறகு இந்தக் கணக்கு அடுப்படியில் அவசர அவசரமாக நடந்தது. சில வருடங்கள் நடக்கவே இல்லை. வெள்ளி விழா வருடத்தில் இதற்கென்றே ஒரு முழு நாள் வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் கூப்பிடாத, உறவினர் வந்து நிற்காத ஒரு நாள்.

பயண ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மால்டா 2007 டிசம்பர் முதல் ஷெங்கன் வட்டத்தில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்ற ஏற்பாடு) இருப்பதால் ஷெங்கன் விசா வேண்டும். நாணயம் யூரோ. பிரிட்டிஷ்காரர்கள் 1964 வரை ஆண்ட நாடு என்பதால் வண்டிகள் இடது பக்கம் ஓடுகின்றன, மூன்று முனை பிளக், பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் தெரியும். மால்டா தீவின் வடமுனையில் சிர்கெவ்வா துறையிலிருந்து பெரிய படகு கோசோவின் இம்ஜார் துறைக்கு 25 நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. போகும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. திரும்பி வரும்போதுதான் போக வரச் சேர்த்து 4.65 யூரோ வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் இரவு தங்கியது ஷாரா என்ற மேட்டுக் கிராமத்தில், தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய வீடு ஒன்றில். கீழே வீட்டுக்காரம்மா, மேலே நாங்கள்.

ஷாராவைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் ஜிகந்தியா கோயில்கள். இவருக்குப் பழைய கற்கள் என்றால் உயிர். கி.மு. 3600-க்கும் 3200-க்கும் இடையில் கட்டப்பட்ட இரண்டு கோயில்கள், ஒரே சுற்றுச்சுவருக்குள். கீசாவின் பெரிய பிரமிடு வருவதற்கு ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலோகக் கருவி எதுவும் இல்லாத மக்கள் இதை எழுப்பியிருக்கிறார்கள். சில கற்கள் 5 மீட்டருக்கு மேல் நீளம், 50 டன்னுக்கு மேல் எடை. பக்கத்தில் கிடக்கும் உருண்டைக் கற்களின் மேல் வைத்து அந்தப் பாறைகளை உருட்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவர் ஒவ்வொரு கல்லாக நின்று நின்று பார்த்தார். நான் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, அவர் பார்ப்பதைப் பார்த்தேன். ஒரு மனிதருக்குப் பிடித்த இடத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சும்மா கவனிப்பது பெரிய சந்தோஷம். வீட்டில் இருக்கும்போது இவர் முகம் இப்படி மலர்வதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதற்கு ஊரில் ஒரு கதை இருக்கிறது. அவரைக்காயும் தேனும் மட்டுமே சாப்பிடும் ஓர் அரக்கி, சாதாரண மனிதன் ஒருவனுக்குப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே இந்தப் பாறைகளைச் சுமந்துவந்து கோயிலைக் கட்டினாளாம். அங்கே எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். "புருஷன்காரன் என்ன பண்ணிட்டிருந்தானாம்?" என்று கேட்டார் இவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை விக்டோரியா ஊரின் நடுவே மேட்டில் நிற்கும் சித்தாதெல்லா கோட்டைக்குப் போனோம். 1551-ல் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுக் கடற்படை இந்தக் கோட்டையைப் பிடித்து, தீவில் இருந்த கிட்டத்தட்ட எல்லா மக்களையும், 5,000 பேருக்கும் மேல் இருக்கும், அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் கடற்கொள்ளையரின் பயம் விடவில்லை. தீவில் இருந்தவர்கள் இரவு இந்தக் கோட்டைக்குள்தான் தூங்க வேண்டும் என்ற கட்டளை 1637 வரை இருந்தது. மதிலின் மேல் நின்றால் தீவு முழுவதும் தெரிகிறது. வயல்கள், தேவாலயக் கூம்புகள், நாலு பக்கமும் கடல். அவ்வளவு அழகான இடத்தில் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் ஆளுக்கொரு கப்பலில் ஏற்றியிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கணவர் இல்லை. மறுநாள் எங்கள் திருமண நாள் என்று தெரிந்ததும், ஆட்டுப்பாலில் செய்த சின்னச் சின்ன வட்டப் பாலாடைக் கட்டிகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஜிபெய்னா என்று பெயர், சில கட்டிகளில் மிளகு தூவியிருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். 25 வருடமா என்று வியந்துவிட்டு, "உங்கள் நாட்டில் விவாகரத்து உண்டா?" என்று நேரடியாகக் கேட்டார். உண்டு என்றேன். "எங்களுக்கு 2011-ல்தான் வந்தது" என்றார்.

எனக்கு அது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே கடைசியாக விவாகரத்தை அனுமதித்த நாடு மால்டா. 2011 மே 28-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 53 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். கோசோ பெரும்பான்மையாக எதிர்த்தது. ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது, அக்டோபரில் அமலுக்கு வந்தது. அப்போதும் நான்கு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் விவாகரத்து. 2021-ல் அந்தக் காலத்தைக் குறைத்தார்கள். 2011-க்கு முன்னால் பிரிந்து வாழலாம், ஆனால் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. வெளிநாட்டில் போய் விவாகரத்து வாங்கி வர வசதி இருந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது.

வீட்டுக்காரம்மாவின் தம்பி பல வருடம் மனைவியைப் பிரிந்திருந்து, வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்தியவர். பிள்ளைகளும் உண்டு. அந்தப் பெண்ணை மனைவி என்று எந்தக் காகிதத்திலும் எழுத முடியாமல் இருந்தது. சட்டம் வந்த பிறகுதான் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்களாம். "நான் சட்டம் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டேன்" என்றார் அந்த அம்மா. "ஆனால் தம்பி கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று நான் அழுத மாதிரி என் கல்யாணத்தில்கூட அழவில்லை." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், எதையும் சமாதானப்படுத்த முயலவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று.

அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டபோது சட்டத்தில் பிரிவதற்கு வழி இருந்தது. ஆனால் என் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. என் அம்மாவோ சித்தியோ அத்தைகளோ தங்கள் திருமணத்தில் இருக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க இடம் கொடுக்கப்படவில்லை. எனக்கும் முதல் பத்து வருடம் அப்படித்தான் போயிற்று. இப்போது நிலைமை வேறு. எனக்கு வேலை இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்கள். நாளைக்கே தனியாகப் போகிறேன் என்று சொன்னால் தடுக்க ஆளில்லை. அவருக்கும் அப்படித்தான். போகலாம் என்று தெரிந்தும் இவர் பக்கத்தில் நான் படுத்திருக்கிறேன் என்ற எண்ணம் அந்தத் தீவில்தான் முதல் முறையாக எனக்கு இவ்வளவு தெளிவாக வந்தது. 25 வருடம் ஓடிவிட்டது என்பதற்காகக் கொண்டாடுவதைவிட, இதற்காகக் கொண்டாடலாம் என்று தோன்றியது.

செப்டம்பர் எட்டு காலையில் எங்களை எழுப்பியது வெடிச் சத்தம். அன்று மால்டாவில் அரசு விடுமுறை, வெற்றித் திருநாள் என்று கொண்டாடுகிறார்கள். 1565-ல் மாதக்கணக்கில் நீடித்த ஒட்டோமான் முற்றுகை முடிந்தது, 1800 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, 1943-ல் இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்தது என்று மூன்று வெற்றிகளையும் அந்த ஒரே நாளில் நினைவுகூர்கிறார்கள். அதே நாள் மரியன்னையின் பிறந்த நாளும்கூட. வேளாங்கண்ணித் திருவிழாத் தேதி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஷாரா கிராமத்துப் பெரிய தேவாலயம் அந்தப் பிறந்த நாளுக்கே அர்ப்பணிக்கப்பட்டது என்பதால், ஊருக்கு அது வருடத்தின் மிகப் பெரிய நாள். தேதி ஒத்துப்போகிறது என்று தெரிந்துதான் இந்த ஊரில் வீடு பிடித்திருந்தேன். திருமண நாளன்று ஊரே அலங்கரித்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

வெயில் ஏறுமுன் மர்சல்ஃபோர்ன் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து கரையோரமாகவே ஷ்வெய்னி உப்பளம் வரை நடந்தோம். கோசோவில் எதையாவது ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். கடலை ஒட்டிய சுண்ணாம்புப் பாறையில் சதுரம் சதுரமாக, கை அகலத் திட்டு விட்டு, நூற்றுக்கணக்கான பாத்திகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். சில நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில். கோடையில் கடல்நீரைப் பாத்திகளில் நிரப்பி, வெயிலும் காற்றும் நீரைக் குடித்த பிறகு, அடியில் படிந்த உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். நடுவில் மழை பெய்தால் அத்தனையும் கரைந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். குளிர்காலத்து அலைகள் பாத்திகளை உடைத்துவிட்டுப் போகும், வசந்தத்தில் செப்பனிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் இதைச் செய்துவருகின்றன. விடுமுறை நாள் என்பதால் அன்று வேலை செய்பவர் யாரும் இல்லை. பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. இவர் விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்து, "நல்ல உப்பு" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃப்தீரா வாங்கி வந்தோம். மெல்லிய அப்பத்தின் மேல் உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக அடுக்கி, தக்காளி, வெங்காயம், கேப்பர் மொட்டு, ஆலிவ் எல்லாம் போட்டு விறகு அடுப்பில் சுடுகிறார்கள். நான் சைவம் என்பதால் நெத்திலி மீனை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறினாலும் நன்றாக இருக்கிறது. ஐரோப்பாவில் நான் சாப்பிட்டதில் இதற்குத்தான் முதல் இடம்.

வெயில் தாழ்ந்த பிறகு கலிப்சோ குகை இருக்கும் மேட்டுக்குப் போனோம். ஷாராவிலிருந்து நடந்தே போகலாம். பாறை சரிவதால் குகைக்குள் விடுவதில்லை, மேலே நின்று பார்க்கத்தான் முடியும். கீழே ரம்லா கடற்கரை, செம்பொன் நிற மணல், பின்னால் திராட்சையும் காய்கறியும் விளையும் பள்ளத்தாக்கு. கிரேக்கப் பழங்கதையில் வரும் ஒடிசியஸ், டிராய் போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே கலிப்சோ என்ற தேவமகள் அவனை ஏழு வருடம் பிடித்து வைத்துக்கொள்கிறாள். அந்தத் தீவு எங்கள் தீவுதான் என்று கோசோக்காரர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் ஒன்று உண்டு. என்னோடு இருந்துவிடு, சாவும் மூப்பும் இல்லாமல் செய்கிறேன் என்கிறாள் கலிப்சோ. உன் மனைவியைவிட நான் அழகில் குறைந்தவள் இல்லை என்றும் சொல்கிறாள். ஆமாம், பெனலோப்பி உன் அளவுக்கு அழகில்லை, அவள் மூப்படைந்து சாகிற மனுஷிதான் என்று ஒடிசியஸ் ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். மனைவியைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருடம் பார்க்காத, வயதாகிப்போன ஒருத்தியிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறான். இதைவிடப் பெரிய காதல் பேச்சை நான் கேட்டதில்லை. காத்திருந்த பெனலோப்பிக்கு யாரும் எந்த வாய்ப்பும் கொடுக்கவில்லையே என்ற வருத்தமும் எனக்கு எப்போதும் உண்டு.

இறங்கிப்போய் ரம்லா மணலில் உட்கார்ந்தோம். கடல் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் காலை நனைத்துவிட்டு வந்து, "சரி, கணக்குப் பாக்கலாமா?" என்றார் இவர். வழக்கமாக நான்தான் முதலில் தொடங்குவேன். இந்த முறை, "நான் முதல்ல பேசறேன்மா" என்றார்.

பேசியதை முழுதும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும், அவர் அனுமதியோடு, எழுதுகிறேன். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஏற்றுக்கொண்டால் வேறு ஊருக்குப் போக வேண்டும். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இவரிடம், தேர்வில் இந்த முறை என் பெயர் வரவில்லை என்று சொல்லிவைத்தேன். அப்போது மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார்.

"அந்த லெட்டரை நான் பாத்தேன்" என்றார் இவர். "பீரோ டிராயர்ல இருந்துது. படிச்சிட்டு அப்படியே மடிச்சு வெச்சிட்டேன். நீ பேரு வரலைன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துது. அம்மாவை யாரு பாத்துப்பா, பசங்களை யாரு பாத்துப்பாங்கற கவலை போச்சு. எனக்குத் தெரியும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, போன்னு சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனாலதான் சொல்லலை. நேத்து அந்த அரக்கி கதை கேட்டதுலேர்ந்து இதைச் சொல்லாம இருக்க முடியலை."

விதிப்படி நான் பேசக் கூடாது. அன்று அந்த விதி இல்லாவிட்டால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. கோபம் வந்தது. கூடவே, இத்தனை வருடம் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று சுமந்துகொண்டிருந்ததை இன்னொருவரும் சுமந்துகொண்டிருந்தார் என்பதில் ஏதோ ஓர் ஆறுதலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று முந்தின நாள்தான் வீட்டுக்காரம்மா காட்டிக் கொடுத்திருந்தார்.

அப்புறம் என் முறை. அவர் அப்பா இறந்த பிறகு அவர் பேச்சையே நிறுத்திக்கொண்ட மாதங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவ்வளவு தனியாக நான் வேறு எப்போதும் இருந்ததில்லை என்று சொன்னேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, தினமும் அலுவலகம் போகுமுன் வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டதை நான் மறக்கவே மாட்டேன் என்றும் சொன்னேன். பெற்ற மகன் இருந்தும் அப்பா மாப்பிள்ளையிடம்தான் முகத்தைக் கொடுத்தார். இதற்கு நன்றி சொன்னதே இல்லை, இன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர் விதியை மீறாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இரவு ஊர்த் திருவிழா. பால்கனிகளில் சிவப்புப் பட்டுத் துணிகள் தொங்கின, தேவாலயத்தின் முகப்பு முழுக்க விளக்கு. குழந்தை மாதாவின் சிலையைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது கூட்டம் கைதட்டிய தட்டில் மணிச்சத்தமே அமுங்கிவிட்டது. மேளம், எக்காளம், பித்தளை வாத்தியங்களோடு இசைக்குழு முன்னால் போக, மாடிகளிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டினார்கள். தெருவோரக் கடையில் பேரீச்சை வைத்துப் பொரித்த இம்க்காரெத்தும் பாதாம் போட்ட குப்பாய்த் மிட்டாயும் வாங்கித் தின்றோம். வீட்டுக்காரம்மா எங்களைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் அறிமுகம் செய்துவைத்தார். "இன்று இவர்களுக்கு 25 வருடம்" என்று சொன்னதும் அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு இன்னும் நிறைய வருடம் பாக்கி இருக்கிறது என்று சிரித்தார். வாணவேடிக்கை தொடங்கியபோது அவர்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் நின்றுகொண்டிருந்தோம். நான் காட்டன் புடவை கட்டியிருந்தேன். மல்லிகை வேண்டும் என்று கேட்டதாக யார் சொன்னார்களோ, அவர்கள் தோட்டத்துக் கொடியிலிருந்து ஒரு கொத்தைப் பறித்து வந்து இவர் கையில் கொடுத்தார் அந்தத் தம்பி. அத்தனை பேர் முன்னால் இவர் என் தலையில் வைத்துவிட்டார். 25 வருடத்தில் வெளியாட்கள் எதிரில் இவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பதில் சொல்லும் நேரம். காபியோடு முற்றத்தில் உட்கார்ந்தோம். கோபம் இருந்தது என்று சொன்னேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பிறகு, இந்த வருடமும் பதவி உயர்வுக்கு விருப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, இந்த முறையும் வேண்டாம் என்று விடத்தான் நினைத்திருந்தேன் என்றேன்.

"என்னைக்குக் கடைசி நாள்?"

"இந்த வெள்ளிக்கிழமைங்க. ஊர் மாத்துவாங்க, தெரியும்ல?"

"மாத்தட்டும். அம்மா இல்ல, பசங்க வெளியூர்ல. நான் ஒருத்தன்தான. நான் சமாளிச்சுக்கிறேன், லீவு கெடைக்கறப்ப வந்துடறேன். நீ எழுது. எனக்காகன்னு நெனைச்சு எழுதாத. உனக்கு வேணும்னா எழுது."

எனக்கு வேண்டியிருந்தது. போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, இருவரும் த்வெய்ராவுக்குப் பஸ் பிடித்தோம். அங்கே கடலுக்குள் கதவு மாதிரி நின்ற பெரிய கல் வளைவு 2017 மார்ச் 8-ல் புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இவருடைய பழைய நாட்காட்டி ஒன்றில் அதன் படம் இருந்தது. அது இல்லாத கடலையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பக்கத்தில் உள்கடல் என்று ஒரு சின்ன நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கிருந்து பாறைக்குள் புகுந்து போகும் குகை வழியாகப் படகில் வெளிக்கடலுக்குப் போனோம்.

பதவி உயர்வு கிடைத்தது. இதை நான் எழுதுவது புது ஊரில், வங்கிக் கிளைக்குப் பக்கத்துத் தெருவில் எடுத்த ஒற்றை அறை வீட்டில். இவர் பெரும்பாலான சனிக்கிழமைகளில் ரயில் பிடித்து வருகிறார், சில வாரம் நான் போகிறேன். அடுத்த செப்டம்பர் எட்டு வாரநாளாக வருகிறது. யார் விடுப்பு எடுப்பது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.